சாம்பிள் பாஸ், சப்மிட் பண்ணா செவப்பு: சிஎஸ்இஎஸ் இன்டர்வெல் கணக்குகள் பத்தி ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது காசு வாங்கிட்டு எழுதற ரிவ்யூ இல்ல, அந்த சைட்டே ஃப்ரீ, விளம்பரம் கூட கிடையாது, அதனால நமக்கு யாரும் பத்து பைசா தர மாட்டாங்க. நாலு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் உக்காந்து போட்டுட்டு இருக்கேன், அதுல குறிப்பா இந்த இன்டர்வெல் ஷெட்யூலிங் (ஆரம்பம், முடிவுன்னு நேரம் போட்ட வேலைகள மோதாம அடுக்கறது) வகை கணக்கு மட்டும் ஒரு ஏழு எட்டு இருக்கும், அத வச்சுத்தான் இந்த ரிவ்யூ. மொத்த சைட்டையும் அலசின ஆளு நான் இல்ல.

சிஎஸ்இஎஸ்னா கோட் சப்மிஷன் எவாலுவேஷன் சிஸ்டம், நாம எழுதின கோட சப்மிட் பண்ணா டெஸ்ட் போட்டு பார்த்து சரின்னா பச்சை, தப்புன்னா செவப்பு காட்டற சைட். ஃபின்லாந்து சரக்கு. ஆண்ட்டி லாக்சொனென்னு ஒருத்தர், போட்டி ப்ரோக்ராமிங் பக்கம் போறவங்களுக்கு தெரிஞ்ச பேரு, அவரோட கைவண்ணம். அந்த ஊர் ஸ்கூல் பசங்களுக்கு நடக்கற டாடாடாஹ்டி போட்டியும் இதே சிஸ்டம்ல தான் ஓடுது. அதுக்குள்ள ப்ராப்ளம் செட்னு ஒரு பகுதி, ரொம்ப நாளா 300 ப்ராப்ளம், 2025 தொடக்கத்துல 400 ஆக்கிட்டாங்க. பார்க்க ஏதோ 2005ல செஞ்ச வெப்சைட் மாதிரி இருக்கும். வெள்ளை பக்கம், தலைப்பு, ப்ராப்ளம் பேரு, பக்கத்துல எத்தனை பேரு முயற்சி பண்ணாங்க எத்தனை பேரு முடிச்சாங்கன்னு ரெண்டு நம்பர், அவ்ளோ தான். ஸ்ட்ரீக் கிடையாது, பேட்ஜ் கிடையாது, "வாழ்த்துக்கள் நண்பா"ன்னு காகிதப்பூ தூவறதெல்லாம் கிடையாது.

நான் ஏன் இங்க வந்தேன்னா ஒரு இன்டர்வியூல மண்ண கவ்வினேன். மீட்டிங் டைம் லிஸ்ட் ஒண்ணு கொடுத்து, ஒரே ரூம்ல அதிகபட்சம் எத்தனை மீட்டிங் நடத்தலாம்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆன்லைன் கோர்ஸ்க்கு காசு கட்டி (பேரு வேணாம், விடுங்க) அதுல "இன்டர்வெல்னு பார்த்தாலே சார்ட் பண்ணு, க்ரீடி போடு"ன்னு மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தாங்க (சார்ட்னா வரிசைப்படுத்தறது, க்ரீடின்னா அப்போதைக்கு எது நல்லதா தெரியுதோ அத எடுத்துட்டு போறது). நானும் சார்ட் பண்ணேன். எத வச்சு சார்ட்னு அவரு கேட்டாரு. ஆரம்பிக்கற நேரத்த வச்சுன்னேன். ஏன்னாரு. அவ்ளோ தான், அதுக்கப்புறம் அந்த ரூம்ல ஏசி சத்தம் மட்டும் தான் கேட்டுச்சு.

மதுரைல என் சித்தப்பா பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம், அவன்கிட்ட புலம்பினப்ப "அண்ணே, சிஎஸ்இஎஸ்ல மூவி ஃபெஸ்டிவல்னு ஒண்ணு இருக்கு, அத போடுங்க, ஆனா யூடியூப் பார்க்காம போடுங்க"ன்னான். சின்னப் பையன் சொல்றான்னு கொஞ்சம் ரோஷமா தான் இருந்துச்சு, ஆனாலும் போனேன்.

மூவி ஃபெஸ்டிவல் சார்ட்டிங் அண்ட் சர்ச்சிங் பகுதில இருக்கு. விஷயம் சிம்பிள். ஒரு பட விழால 2 லட்சம் படம் வரைக்கும் போடறாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஆரம்ப நேரம் முடிவு நேரம் தெரியும், முழுசா பார்த்தா தான் கணக்கு, ஒரு ஆளு அதிகபட்சம் எத்தனை படம் பார்க்கலாம். கொடுத்திருக்கற சாம்பிள் மூணே படம்: 3ல இருந்து 5, 4ல இருந்து 9, 5ல இருந்து 8. விடை 2. அதாவது 5 மணிக்கு ஒண்ணு முடிஞ்சு 5 மணிக்கே அடுத்தது ஆரம்பிச்சா ஓகே, நடுவுல டீ குடிக்க டைம் கிடையாது, அது இந்த சாம்பிள்லயே தெரிஞ்சுடும்.

டிசம்பர்ல சென்னை ஃபிலிம் ஃபெஸ்டிவலுக்கு பாஸ் வாங்கினவங்களுக்கு இது புதுசே இல்ல, ஷெட்யூல் ஷீட்ட கையில வச்சுக்கிட்டு பேனாவால சுழிச்சு சுழிச்சு, இந்த ஈரான் படத்துக்கு போனா அந்த கொரியன் படம் போச்சேன்னு அல்லாடுவோம்ல, அதே தான். ஒரே வித்தியாசம், நமக்கு எந்தப் படம் நல்ல படம்ங்கறது முக்கியம், இந்தக் கணக்குல எண்ணிக்கை மட்டும் தான் முக்கியம். அந்த வித்தியாசம் பின்னாடி இன்னொரு ப்ராப்ளம்ல வந்து நம்ம முதுகுல குத்தும், அத அப்புறம் சொல்றேன்.

சரி, நான் என்ன பண்ணேன், இன்டர்வியூல பண்ண அதே தப்ப பண்ணேன், ஆரம்ப நேரத்த வச்சு சார்ட் பண்ணி முதல்ல ஆரம்பிக்கறத எடுத்தேன். சாம்பிள போட்டேன், 2 வந்துச்சு. சப்மிட், செவப்பு. யோசிச்சா புரியுது, 1ல ஆரம்பிச்சு 100 வரைக்கும் ஓடற மெகா படம் ஒண்ணு இருந்தா அதுலயே உக்காந்துடுவேன், உள்ள 2-3, 3-4னு சின்னச் சின்னப் படமெல்லாம் போச்சு. சரி அப்போ குட்டிப் படமா பார்த்து எடுப்போம்னு நீளத்த வச்சு சார்ட் பண்ணேன். சாம்பிள்ல மறுபடி 2. சப்மிட், செவப்பு. 1-5, 4-7, 6-10னு மூணு படம் வச்சுக்கோங்க, நடுவுல இருக்கறது தான் சின்னது, அத எடுத்தா ரெண்டு பக்கமும் அடிபடுது, 1 தான் கிடைக்கும், விட்டுட்டா 2 கிடைக்கும்.

இங்க தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது, இந்த ரிவ்யூவ எழுதறதுக்கே அது தான் காரணம். அந்த மூணு படம் சாம்பிள் இருக்கே, அதுல ஆரம்ப நேரம் வச்சு பண்ணாலும் 2, நீளம் வச்சு பண்ணாலும் 2, சரியா பண்ணாலும் 2. எந்தத் தப்பையும் அது காட்டிக் கொடுக்காது. ஊமைக் குசும்பு. முதல்ல கடுப்பா இருந்துச்சு, அப்புறம் தோணுச்சு, ஆஃபீஸ்ல நான் டெஸ்டர், டெவலப்பர் "என் மெஷின்ல ஓடுச்சே"ன்னு சொல்றப்ப நான் என்ன பதில் சொல்வேனோ அத தான் இந்த சைட் எனக்கு சொல்லுது.

மூணாவதா ஒரு ஐடியா வந்துச்சு, அது ரொம்ப புத்திசாலித்தனமான ஐடியான்னு நெனச்சு கால் மணி நேரம் பெருமையா இருந்தேன். எந்தப் படம் ரொம்ப கம்மி படங்களோட மோதுதோ அத முதல்ல எடு. கேக்க எவ்ளோ நியாயமா இருக்கு. ஆனா அதுவும் தப்பு, இத உடைக்க பழைய பாடப் புத்தகத்துல வர்ற மாதிரி 11 படம் உதாரணம் ஒண்ணு இருக்கு, பேப்பர்ல வரைஞ்சு பாருங்க: 10-20, 20-30, 30-40, 40-50னு வரிசையா நாலு. 25-35 ஒண்ணு. 15-25 மூணு காப்பி, 35-45 மூணு காப்பி. நடுவுல இருக்கற 25-35 ரெண்டே ரெண்டு படத்தோட தான் மோதுது, மத்த எல்லாமே மூணோ நாலோ. அதனால அத எடுப்போம், எடுத்தா மொத்தம் 3 தான் வரும், வரிசையா இருக்கற நாலையும் எடுத்தா 4. இத வரைஞ்சு முடிச்சப்ப மணி ஒண்ணு, வீட்டுல லைட்ட அணைக்க சொல்லி சத்தம்.

சரியான வழி எது, முடியற நேரத்த வச்சு சார்ட் பண்ணி, எது முதல்ல முடியுதோ அத எடுக்கறது. ஏன்னு கேட்டா இப்போ என்கிட்ட பதில் இருக்கு. நீங்க உலகத்துலயே பெஸ்டான ஒரு லிஸ்ட் வச்சிருக்கீங்கன்னு வச்சுக்குவோம், அதுல முதல் படத்த தூக்கிட்டு அந்த இடத்துல எல்லாத்துக்கும் முன்னாடி முடியற படத்த வச்சா என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது, அது இன்னும் சீக்கிரம் தான் முடியும், பின்னாடி இருக்கற எந்தப் படமும் இடிக்காது, எண்ணிக்கை அதே தான். அடுத்த படத்துக்கும் அதே மாதிரி மாத்து, அதுக்கடுத்ததுக்கும் மாத்து, கடைசில உங்க லிஸ்ட் என் லிஸ்ட்டா மாறிடும். இத அந்த ஏசி ரூம்ல சொல்லியிருந்தா இன்னிக்கு வேற கம்பெனில இருந்திருப்பேன், போகட்டும்.

கோட் பத்து பன்னெண்டு வரி தான். பைத்தான்ல போடறவங்க மட்டும் கவனிங்க, டைம் லிமிட் 1 செகண்ட், 2 லட்சம் வரிய ஒவ்வொண்ணா சாதா இன்புட் வச்சு வாங்கினா அதுவே பாதி நேரத்த தின்னுடும், மொத்தமா ஸ்டாண்டர்ட் இன்புட்ட ஒரே மடக்கா படிச்சுடுங்க.

அடுத்தது ரெஸ்டாரன்ட் கஸ்டமர்ஸ், இது ஜாலி, வந்தவனுக்கு கூட்டு ஒண்ணு, போனவனுக்கு கழி ஒண்ணு, எல்லாத்தையும் நேர வரிசைல அடுக்கி ஓட்டினா எந்த நேரத்துல ஹோட்டல்ல ஜாஸ்தி கூட்டம்னு தெரிஞ்சுடும். எல்லா நேரமும் வேற வேறன்னு அவங்களே சொல்லிடறாங்க, அதனால சிக்கல் இல்ல.

ஆனா அதோட அண்ணன் ரூம் அலொகேஷன்ல சிக்கல் இருக்கு. லாட்ஜ் கணக்கு. ஒவ்வொருத்தரும் எந்த நாள் வர்றாங்க எந்த நாள் போறாங்க, கம்மியா எத்தனை ரூம் போதும், யாருக்கு எந்த ரூம். இங்க ஒருத்தர் 2ம் தேதி காலி பண்ணா அதே 2ம் தேதி வர்றவருக்கு அந்த ரூம் தர முடியாது. சினிமாவுல 5க்கு முடிஞ்சு 5க்கு ஆரம்பிக்கலாம், லாட்ஜ்ல கூடாது. கோட்ல பார்த்தா ஒரே ஒரு சமக்குறி (< போடறதா <= போடறதாங்கறது) தான் வித்தியாசம். இங்க மட்டும் சாம்பிள் நல்ல மனசோட இருக்கு, 1-2, 2-4, 4-4னு மூணு பேரு, விடை 2 ரூம். சமக்குறிய தப்பா போட்டா 1 ரூம்னு வந்து அங்கயே மாட்டிக்குவீங்க. லீட்கோட்லயும் (இன்டர்வியூ கணக்கு போட்டு பழகற இன்னொரு சைட்) இதே கூத்து உண்டு, நான்-ஓவர்லாப்பிங் இன்டர்வெல்ஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்தா மோதல் இல்ல, பலூன் வெடிக்கற அம்பு ப்ராப்ளம்ல ஓரத்துல பட்டாலும் பலூன் வெடிக்கும். ப்ராப்ளம ரெண்டு தடவ படிங்கன்னு சொல்றது இதுக்கு தான்.

ரூம் அலொகேஷனுக்கு வழி என்னன்னா வர்ற நாள் வரிசைல அடுக்கி, எந்த ரூம் முதல்ல காலியாகுதுன்னு ஒரு ஹீப்ல (சின்ன மதிப்பு எப்பவும் தலையில நிக்கற அடுக்கு) வச்சுக்கறது. புதுசா ஒருத்தர் வந்தா ஹீப் தலைய பாரு, காலியாயிருந்தா அந்த ரூம கொடு, இல்லன்னா புது ரூம் தொற. மொத்த ரூம் எண்ணிக்கை, எந்த நாள்ல ஜாஸ்தி பேரு தங்கறாங்களோ அந்த எண்ணிக்கையே தான், அதுக்கு மேல ஒண்ணு கூட வேணாம், அதுக்கு கீழ முடியவே முடியாது. அழகான விஷயம். முதல் தடவையே பச்சை. எனக்கு தலை கொஞ்சம் கனத்துடுச்சு.

அந்த தலக்கனத்தோட மூவி ஃபெஸ்டிவல் 2க்கு போனேன்.

சிர்யாலான்னு ஒருத்தரோட சினிமா க்ளப்ல கே பேரு (கேங்கறது இன்புட்ல கொடுக்கற எண்ணிக்கை) இருக்காங்க, எல்லாரும் பட விழாவுக்கு போறாங்க, எல்லாரும் சேர்ந்து மொத்தம் அதிகபட்சம் எத்தனை படம் பார்க்கலாம். கேட்ட உடனே என்ன தோணும், முடியற நேரம் வச்சு சார்ட், ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஆளு ஃப்ரீயோ அவன அனுப்பு, ஆள் எப்போ ஃப்ரீ ஆவான்னு ஹீப்ல வச்சுக்கோ. நேத்து லாட்ஜ்ல வேல செஞ்ச ஹீப் தானே. அப்படியே தூக்கி ஒட்டினேன். சாம்பிள் 5 படம் 2 ஆளு, விடை 4, வந்துச்சு. சப்மிட். செவப்பு.

(நடுவுல ஒரு குழப்பம் வேற. ஒரே படத்த ரெண்டு பேரு பார்த்தா அது ஒண்ணா ரெண்டா? அந்த சாம்பிள்ல எப்படி எண்ணினாலும் 4 தான் வருது, ஒரு ஆளு அதிகபட்சம் 2 படம் தான் பார்க்க முடியும், ரெண்டு பேருன்னா 4, அதே படமா இருந்தாலும் 4, வேற வேற படமா இருந்தாலும் 4. ஒரு படம் ஒரு தடவ தான் கணக்குன்னு எடுத்துக்கணும், இல்லன்னா முதல் ப்ராப்ளம் விடைய கேயால பெருக்கினா முடிஞ்சுடும், அப்படி கேக்க மாட்டாங்கல்ல.)

தப்பு எங்கன்னு ரெண்டு நாள் தெரியல. சப்மிட் பண்ணப்புறம் எந்த டெஸ்ட்ல அடி வாங்கினோமோ அந்த இன்புட்டையே இந்த சைட்ல தொறந்து பார்க்கலாம், அது ஒரு பெரிய ப்ளஸ், ஆனா தம்பி ஃபோன்ல "அத தொறக்காதீங்கண்ணே, நீங்களே உடைங்க, அப்புறம் தான் மண்டைல நிக்கும்"னான். சரின்னு ஒரு ப்ரூட் ஃபோர்ஸ் எழுதினேன். படம் அஞ்சாறுக்குள்ள வச்சுக்கிட்டா, எந்தெந்தப் படம் பார்க்கறதுன்னு எல்லா கூட்டணியையும் முயற்சி பண்ணிடலாம், ஒரு கூட்டணிய கே பேரு பார்க்க முடியுமான்னு கேட்டா அதுக்கு எந்த நேரத்துலயும் கே படத்துக்கு மேல ஓடக்கூடாது, அவ்ளோ தான், ரெஸ்டாரன்ட் கஸ்டமர்ஸ் கணக்கே தான் அது. அப்புறம் குட்டி குட்டி இன்புட்டா ரேண்டமா உருவாக்கி என் கோடையும் ப்ரூட் ஃபோர்ஸையும் மோத விட்டேன். டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு சிக்கிடுச்சு. அத செதுக்கி சின்னதாக்கினா இதான்: ரெண்டு ஆளு, படம் 1-2, 1-5, 5-8, 3-9.

ஓட்டிப் பாருங்க. முதல் ஆளு 1-2 பார்த்துட்டு 2க்கு ஃப்ரீ. ரெண்டாவது ஆளு 1-5 பார்த்துட்டு 5க்கு ஃப்ரீ. இப்போ 5-8 வருது. ரெண்டு பேருமே போகலாம். என் ஹீப் யார அனுப்புது, ரொம்ப நேரமா சும்மா உக்காந்திருக்கற முதல் ஆள. நியாயம் தானே, பாவம் 2 மணில இருந்து சும்மா இருக்கான். ஆனா அடுத்து 3-9 வருது. அதுக்கு 3 மணிக்கு ஃப்ரீயா இருக்கற ஆளு வேணும். அவன 5-8க்கு அனுப்பிட்டோம். 5 மணி வரைக்கும் பிஸியா இருந்தவன வச்சுக்கிட்டு என்ன பண்றது. 3 படம் தான். ரெண்டாவது ஆள 5-8க்கு அனுப்பி இருந்தா 4 கிடைச்சிருக்கும்.

அப்போ அதே ஹீப் லாட்ஜ்ல மட்டும் எப்படி வேல செஞ்சுது? இத யோசிக்க இன்னொரு சாயங்காலம் போச்சு, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கறப்ப தான் பொறி தட்டுச்சு. லாட்ஜ்ல வர்ற நாள் வரிசைல அடுக்கறோம், அதனால இப்போ காலியா இருக்கற ரூம் இனிமே வர்ற எல்லாருக்கும் காலி தான், எந்த ரூம கொடுத்தாலும் ஒண்ணு தான். சினிமாவுல முடியற நேர வரிசைல அடுக்கறோம், அதனால பின்னாடி வர்ற படம் முன்னாடி ஆரம்பிச்சதா இருக்கலாம், அப்போ யாரு எப்போதுல இருந்து சும்மா இருக்காங்கறது சொத்து, அத வீணாக்கக் கூடாது. படத்துக்கு கிட்டத்துல ஃப்ரீ ஆனவன தான் அனுப்பணும், ரொம்ப நேரமா சும்மா இருக்கறவன ரிசர்வ்ல வைக்கணும். கல்யாண வீட்டுல சில்லறை இருக்கறப்ப 500 ரூபாய் நோட்ட மாத்த மாட்டோம்ல, அந்த மாதிரி.

ஹீப் தலையில இருக்கறத மட்டும் தான் தரும், நடுவுல தேட முடியாது, அதனால சி ப்ளஸ் ப்ளஸ்ல மல்டிசெட், அதாவது ஒரே மதிப்பு பல தடவ வந்தாலும் எல்லாத்தையும் வரிசையா வச்சுக்கற பெட்டி. ஆரம்ப நேரத்துக்கு அப்பர் பவுண்ட் (அத விட பெருசா இருக்கற முதல் மதிப்பு) எடு, ஒரு அடி பின்னாடி வா, அங்க இருக்கற ஆள அனுப்பு. இங்கயும் எனக்கு ரெண்டு உதை விழுந்துச்சு, ரெண்டும் சைட் மேல தப்பில்ல, என் மேல தான். முதல் உதை: ஆள எடுத்துட்டு பழைய நேரத்த அழிக்கறப்ப ஈரேஸ்க்குள்ள மதிப்ப கொடுத்துட்டேன், ஐட்டரேட்டர (அந்த ஒரு இடத்த மட்டும் காட்டற குறி) கொடுக்கல. மல்டிசெட்ல மதிப்ப கொடுத்தா அதே மதிப்புல இருக்கற எல்லாத்தையும் அழிச்சுடும். தொடக்கத்துல கே பேருக்கும் 0 தானே வச்சிருக்கோம், முதல் ஆளு முதல் படத்துக்கு உள்ள நுழைஞ்ச உடனே வெளிய நின்ன மத்த எல்லாரும் பூமிய விட்டே காணாம போயிட்டாங்க. சாம்பிள்ல 4க்கு பதிலா 2 வந்துச்சு, ஒரு நிமிஷம் திகைச்சு போய்ட்டேன்.

ரெண்டாவது உதை இன்னும் நைஸா விழுந்துச்சு. அப்பர் பவுண்ட ரெண்டு விதமா கூப்பிடலாம், மல்டிசெட்டோட சொந்த ஃபங்ஷனா கூப்பிடறது ஒண்ணு, பொதுவா இருக்கற ஃபங்ஷனுக்கு தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்து கூப்பிடறது இன்னொண்ணு. ரெண்டுமே விடை சரியா தரும். ஆனா ரெண்டாவதுக்கு மல்டிசெட்டோட மரம் உள்ள எப்படி இருக்குன்னு தெரியாது, ஒப்பிடறத கம்மியா தான் ஒப்பிடும், ஆனா நடுவுக்கு போக ஒவ்வொரு அடியா நடந்து தான் போகணும். 2 லட்சம் படம், ஆளும் லட்சக்கணக்குல இருந்தா டைம் லிமிட் தாண்டிடும். சின்ன டெஸ்ட் எல்லாம் பச்சை, பெருசெல்லாம் டிஎல்இ, அதாவது நேரம் தாண்டிடுச்சு. சொந்த ஃபங்ஷனுக்கு மாத்தின உடனே கண் சிமிட்டற நேரத்துல ஓடி முடிஞ்சுது. பைத்தான்காரங்களுக்கு மல்டிசெட்டே கையோட வராது, பைசெக்ட் (பாதி பாதியா வெட்டி தேடற ஃபங்ஷன்) வச்சு சார்ட் பண்ண லிஸ்ட்ல சமாளிக்கலாம்.

மல்டிசெட்டே வேணாம்னா இன்னொரு வழி உண்டு, தம்பி சொன்னது: ஆரம்ப நேரம் வச்சு அடுக்கு, படத்த எல்லாம் கண்ண மூடிட்டு சேர்த்துக்கிட்டே போ, ஒரே நேரத்துல கே படத்துக்கு மேல ஓடற நிலமை வந்தா, ஓடிட்டு இருக்கறதுல எது ரொம்ப லேட்டா முடியுமோ அத தூக்கி வெளிய போடு. ஆக ஆரம்ப நேரம் வச்சு சார்ட் பண்றதே பாவம்னு சொல்ல முடியாது, அப்புறம் என்ன பண்றோம்ங்கறது தான் விஷயம். கோர்ஸ்ல சொன்ன மந்திரம் இங்க முழுசா செத்துச்சு.

அடுத்து முதுகுல குத்தும்னு சொன்னேனே, அது ப்ராஜெக்ட்ஸ். இது வேற பகுதில, டைனமிக் ப்ரோக்ராமிங் (சின்னக் கணக்கோட விடைய வச்சு பெரிய கணக்க கட்டற முறை) கீழ ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஆரம்ப நாள், முடிவு நாள், கூடவே சன்மானம். ஒரு நாள்ல ஒரு ப்ராஜெக்ட் தான். அதிகபட்சம் எவ்ளோ சம்பாதிக்கலாம். சாம்பிள்: 2-4க்கு 4 காசு, 3-6க்கு 6, 6-8க்கு 2, 5-7க்கு 3. விடை 7. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, காச சுத்தமா கண்டுக்காம பழைய சினிமா முறைல முடியற நாள் வச்சு எடுத்தாலும் 2-4, அப்புறம் 5-7, மொத்தம் 7! மறுபடியும் ஊமைக் குசும்பு. அத நம்பி சப்மிட் பண்ணா உள்ள ஒரு நாள் ப்ராஜெக்ட்டுக்கு 1 காசும் அத மூடற மாதிரி பெரிய ப்ராஜெக்ட்டுக்கு 100 கோடியும் இருந்தா நம்ம க்ரீடி 1 காச பொறுக்கிட்டு வெற்றிச் சிரிப்போட வந்து நிக்கும்.

வழி என்னன்னா முடியற நாள் வரிசைல அடுக்கிட்டு ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் நின்னு கேக்கணும்: இத விட்டுட்டா முன்னாடி வரைக்கும் கிடைச்ச பெஸ்ட், இத எடுத்தா இதோட காசும் இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்ச ப்ராஜெக்ட்கள்ல கிடைச்ச பெஸ்டும், எது ஜாஸ்தி. முன்னாடி முடிஞ்சது எதுங்கறத பைனரி சர்ச்ல, பாதி பாதியா வெட்டி தேடு. ஒரு நாள்ல ஒண்ணு தான்ங்கறதால இதுவும் லாட்ஜ் கட்சி, சமக்குறி கூடாது. அப்புறம் 2 லட்சம் ப்ராஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் 100 கோடி வரைக்கும் போகலாம், சாதா இன்ட்ல அடங்காது, பெரிய எண் தாங்கற லாங் லாங் போடுங்க. லீட்கோட்ல 1235வது ப்ராப்ளம் கிட்டத்தட்ட இதே தான், அங்க ஹார்ட்னு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பாங்க. இங்க எந்த ஸ்டிக்கரும் இல்ல, ஈஸியா ஹார்டான்னு போட்டு பார்த்து தான் தெரிஞ்சுக்கணும்.

டாஸ்க்ஸ் அண்ட் டெட்லைன்ஸ் பத்தி ரெண்டே வரி. டெட்லைன்னு பேருலயே இருக்கேன்னு டெட்லைன் வச்சு சார்ட் பண்ணாதீங்க, அது தூண்டில் புழு. எல்லா வேலையும் செஞ்சே ஆகணும், ஒவ்வொண்ணுக்கும் மார்க் அதோட டெட்லைன்ல இருந்து முடிச்ச நேரத்த கழிச்சது, லேட்டானா மைனஸ் மார்க், அப்போ டெட்லைன்களோட கூட்டுத்தொகை எப்படியும் மாறாது, முடியற நேரங்கள குறைக்கறது மட்டும் தான் நம்ம கையில இருக்கு, சின்ன வேலைய முதல்ல முடிச்சா போதும்.

சரி, ரிவ்யூன்னா குறையும் சொல்லணும். அவங்க தரப்புல அதிகாரப்பூர்வமா எடிடோரியல் (விடை விளக்கம்) கிடையாது. மாட்டிக்கிட்டா வெளிய தான் தேடணும், நெட்ல நிறைய பேரு எழுதி வச்சிருக்காங்க, ஆனா அந்தப் பக்கம் போனா மத்த விடையும் கண்ணுல பட்டுடும். ப்ராப்ளம் எழுதியிருக்கற விதமும் ரொம்ப சுருக்கம், கதை கிதை எல்லாம் கிடையாது, ஆறு வரி, ஒரு சாம்பிள், முடிஞ்சது. ப்ரோக்ராமிங்கே இப்போ தான் கத்துக்கறேன்னு சொல்றவங்களுக்கு இது கல்லு மாதிரி இருக்கும், அவங்க முதல்ல இன்ட்ரொடக்டரி பகுதில பத்து பதினஞ்சு போட்டுட்டு வரட்டும். வேலைக்கு ட்ரை பண்றவங்க இத மட்டும் வச்சு இன்டர்வியூ போக முடியுமான்னா முடியாது, அங்க எப்படி கேப்பாங்கங்கற ருசி லீட்கோட்ல தான் கிடைக்கும். ஆனா மீட்டிங் ரூம்ஸ் 2 மாதிரி சிலது அங்க ப்ரீமியம் பூட்டுக்குள்ள இருக்கு, அதோட உள்ளடக்கம் இங்க ரூம் அலொகேஷனா ஓசில கிடைக்குதுங்கறத மட்டும் காதுல போட்டு வைக்கறேன்.

நல்லது எது, டெஸ்ட். தப்பான ஐடியாவோட போனா தப்பிக்க விடாது. நான் போட்ட அத்தனை தப்பு க்ரீடியும் ஏதோ ஒரு டெஸ்ட்ல மாட்டுச்சு. இன்னொண்ணு, ஒரு ப்ராப்ளம முடிச்சப்புறம் மத்தவங்க எழுதின கோட பார்க்கலாம், அதுல ஒருத்தர் நம்ம அறுபது வரிய பதினாறு வரில முடிச்சிருப்பாரு, பார்த்து கொஞ்சம் வெக்கப்படலாம். சார்ட்டிங் பகுதில இதெல்லாம் இன்டர்வெல் ப்ராப்ளம்னு தனியா பிரிச்சு காட்டலங்கறதையும் நான் ப்ளஸ்ஸா தான் எடுத்துக்கறேன், எது எதோட சொந்தக்காரன்னு நாமளே கண்டுபிடிக்கணும்.

5க்கு எவ்ளோன்னு கேட்டா 4.5. அந்த அரை எடிடோரியலுக்கு.

இப்போ நான் நிக்கறது மூவி ஃபெஸ்டிவல் க்வெரீஸ்ல. அதே பட விழா, ஆனா 2 லட்சம் பேரு வந்து "நான் இத்தனை மணிக்கு வருவேன், இத்தனை மணிக்கு போயிடுவேன், எத்தனை படம் பார்க்கலாம்"னு தனித்தனியா கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து ஓட்டினா விடியாது. ஒவ்வொரு நேரத்துல இருந்தும் அடுத்து சீக்கிரமா முடியற படம் எதுன்னு ஒரு தாவல் எழுதி வச்சு, அதுல இருந்து 2 தாவல், 4 தாவல், 8 தாவல்னு முன்கூட்டியே கட்டி வச்சா ஒரு கேள்விக்கு பதினெட்டு இருபது தாவல்ல முடிச்சுடலாம். நேரம் 10 லட்சம் வரைக்கும் தான் போகுது, 20 மாடி கட்டினாலும் 80 எம்பி, தாராளமா அடங்கும். எழுதிட்டேன். சாம்பிள் பாஸ். நேத்து ராத்திரி சப்மிட் பண்ணேன், மத்ததெல்லாம் பச்சை, ஒண்ணு செவப்பு. அந்த டெஸ்ட்ட க்ளிக் பண்ணா இன்புட்ட காட்டிடும், இன்னும் க்ளிக் பண்ணல. பக்கத்து விண்டோல ப்ரூட் ஃபோர்ஸ் ஓடிட்டு இருக்கு, மூணு படம் ரெண்டு கேள்விலயே எங்கயோ உடையுதுன்னு ஒரு சந்தேகம், வர்றவரு வந்த அதே நிமிஷத்துல படம் ஆரம்பிச்சா என் கோட் அத விட்டுடுதுன்னு நெனக்கறேன். மறுபடி அந்த சமக்குறி தான் போல.